எந்தப் பணம், எதற்கு வந்த பணம்

கிளீவ்லண்ட், ஒஹையோ
அக்டோபர் 2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "கச்சேரி நடத்துவதைக்கூடவா காலேஜில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" என்று போனில் கேட்டீர்கள். இத்தனை வருடம் சபா நடத்திய உங்களுக்கு அதை இரண்டு வார்த்தையில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இங்கே சொல்லிக்கொடுப்பது கலை நிர்வாகம், அதாவது கலைக்குழுக்களைக் கணக்கோடு நடத்தும் படிப்பு. அதற்கு அறுபது வயதாகப் போகிறது. 1965-ல் அமெரிக்க மத்திய அரசு தேசியக் கலை நிதியத்தைத் தொடங்கியது. மறு வருடமே ஃபோர்டு அறக்கட்டளை சிம்பொனி குழுக்களுக்கு 8 கோடி டாலர் ஒதுக்கியது. இவ்வளவு பணம் வந்ததும், கணக்கு வைத்துக் கலைக்குழுவை நடத்தத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். பல்கலைக்கழகங்கள் வகுப்புகளை ஆரம்பித்தன. அதே 1966-ல் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்தத் துறைக்கு அடிப்படையான ஒன்றைக் காட்டினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரே ஆள் பத்து மடங்கு உற்பத்தி செய்வார், அதனால் சம்பளம் ஏறும். ஆனால் இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு நூறு வருடத்துக்கு முன்பும் வயலின், மிருதங்கம், தம்புரா வேண்டும், இன்றும் வேண்டும். வெளியே சம்பளம் ஏறும்போது கலைஞர் சம்பளமும் ஏறத்தான் வேண்டும். டிக்கெட் வசூல் மட்டும் அந்தச் செலவை எப்போதும் எட்டாது. இது நிர்வாகத்தின் திறமைக்குறைவு இல்லை, தொழிலின் இயல்பு. முதல் வாரத்திலேயே மாணவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவோம்.

மாணவர்களில் பாதிப்பேர் கலைஞர்கள். நடனம் ஆடியவர்கள், ஹார்ன் வாசித்தவர்கள், அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர்கள். நல்ல நிகழ்ச்சி கொடுத்தால் பணம் தானாக வரும் என்று நம்பி வருகிறார்கள். அந்த நம்பிக்கையை மெதுவாகத்தான் திருத்த வேண்டும். அதற்கு நாங்கள் தரும் ஆயுதம் 990 என்ற படிவம். வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் வருடா வருடம் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்வது. யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஆளுக்கு ஒரு சிறு நாடகக் குழுவையோ நடனக் குழுவையோ எடுத்துக்கொண்டு மூன்று வருடப் படிவங்களை வாசிக்கச் சொல்வோம். எட்டாம் பகுதியில் வரவு. ஒன்பதாம் பகுதியில் செலவு, அதுவும் நிகழ்ச்சி, நிர்வாகம், நிதி திரட்டல் என்று மூன்றாகப் பிரித்து. பத்தாம் பகுதியில் சொத்தும் கடனும். அதில் 27, 28 ஆகிய இரண்டு வரிகளில்தான் உயிர் இருக்கிறது: இதற்குத்தான், இப்போதுதான் செலவிட வேண்டும் என்று கொடையாளர் கட்டுப்பாடு வைக்காத பணம் ஒரு வரியில், வைத்த பணம் மறு வரியில்.

வகுப்பில் கொடுக்கும் கணக்கு ஒன்று சொல்கிறேன். டிசம்பர் முடிவில் ஒரு நடனக் குழுவின் வங்கியில் 90,000 டாலர் இருக்கிறது. நிர்வாகக் குழுவுக்கு மகிழ்ச்சி. ஆனால் அதில் 40,000 பள்ளிக் குழந்தைகளுக்கான வகுப்புக்கென்று ஓர் அறக்கட்டளை தந்தது. 35,000 வசந்த கால நிகழ்ச்சிக்கு ரசிகர்கள் முன்கூட்டியே கட்டிய டிக்கெட் பணம். நிகழ்ச்சி நடக்கும்வரை அது கணக்கில் கடன்தான். மிச்சம் 15,000. மாதச் சம்பளமோ 18,000. வங்கியில் 90,000 இருந்தும் ஜனவரிச் சம்பளத்துக்குக் காசு இல்லை. இங்கே குழுக்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான். அடுத்த சீசன் சந்தாவை எடுத்து இந்த சீசன் பில்லைக் கட்டுவார்கள். சந்தா ஒரு வருடம் குறைந்தால் போதும், எல்லாம் நின்றுபோகும்.

இன்னொரு சிக்கல், நல்லெண்ணத்தோடு வருவது. மூன்று வருடத்துக்கு வருடம் 20,000 என்று ஒருவர் நிபந்தனையில்லாத உறுதி எழுதித் தந்தால், கணக்கு விதிப்படி ஏறக்குறைய முழு 60,000-மும் முதல் வருட வரவாகவே பதிய வேண்டும். முதல் வருடம் உபரி மாதிரித் தெரியும். அடுத்த இரண்டு வருடம் பற்றாக்குறை மாதிரித் தெரியும். இரண்டுமே நிஜம் இல்லை. எண்களைப் பார்த்து மிரண்டு நல்ல மேலாளரை அனுப்பிவிடும் குழுக்கள் உண்டு. அதனால் மொத்தத்தைப் பார்க்காதே, கட்டுப்பாடு உள்ள பணத்தையும் இல்லாத பணத்தையும் தனித்தனியாகப் படி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கூடவே எக்செல்லில் பன்னிரண்டு மாதப் பத்தி போட்டு, வரவு எந்த மாதம் கைக்கு வரும், செலவு எந்த மாதம் போகும் என்று எழுத வைப்போம். மானியம் "அறிவிக்கப்பட்டது" என்றால் பூஜ்யம்தான், வங்கிக்கு வந்த பிறகே எண் போடலாம். 2025 மே மாதம் தேசியக் கலை நிதியம் ஏற்கெனவே அறிவித்த மானியங்கள் பலவற்றை மின்னஞ்சல் அனுப்பித் திரும்பப் பெற்றதற்குப் பிறகு இதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

கார்ப்பஸ் நிதி, அதாவது முதலைத் தொடாமல் வருட வருமானத்துக்காக வைக்கும் நிதி பற்றிக் கேட்டீர்கள். அதற்கு நியூயார்க் சிட்டி ஆபரா என்ற இசை நாடகக் குழுவைத்தான் உதாரணம் சொல்வேன். 1943-ல், சாதாரண மக்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் தொடங்கியது. 2008-09-ல் அரங்கத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்ததால் மேடை இல்லாமல் போயிற்று. வரவு குறைந்தது, சம்பளம் குறையவில்லை. அனுமதி வாங்கிக் கார்ப்பஸிலிருந்து எடுத்துக் கடன் கட்டினார்கள். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய மாதிரி. முதல் தொகை சுருங்கியதும் அதன் வருட வருமானமும் சுருங்கியது. 2013-ல் இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 10 லட்சம் டாலர் கேட்டு, மூன்று லட்சம் சொச்சத்துக்குத்தான் உறுதி கிடைத்தது. அங்கே இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது. அக்டோபரில் திவால் மனு. குழு மூழ்கியது பாட்டு சரியில்லாததால் இல்லை, பெரியப்பா. அதனால்தான் எனக்கு இது இன்றும் வலிக்கிறது. பொதுவாகக் கார்ப்பஸிலிருந்து வருடத்துக்கு 4 அல்லது 5 சதம்தான் எடுப்பார்கள், அதுவும் கடந்த மூன்று வருடச் சராசரி மதிப்பின்மேல் கணக்கிட்டு. சந்தை ஏறிய வருடத்தில் அதிகம் எடுத்துவிட்டு இறங்கிய வருடத்தில் தவிக்காமல் இருக்க இந்தச் சராசரி.

இந்த ஊரில் கலைக்கு அரசுப் பணம் வரும் வழி உங்களுக்கு வியப்பாக இருக்கும். சிகரெட் வரி! 2006-ல் இந்த ஊர் இருக்கும் குயஹோகா கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மக்கள் வாக்களித்து, ஒரு சிகரெட்டுக்கு ஒன்றரை சென்ட் வரி போட்டு அதைக் கலை அமைப்புகளுக்கென்றே ஒதுக்கினார்கள். புகைப்பவர்கள் குறையக் குறைய அந்த நிதியும் குறைந்தது. 2024 நவம்பரில் மீண்டும் வாக்கெடுப்பு வைத்து மூன்றரை சென்டாக உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் குறைய வேண்டிய பழக்கத்தின்மேல் கட்டிய வருமானம் எத்தனை நாள் தாங்கும் என்பதை மாணவர்கள் விவாதிக்காமல் விடுவதில்லை, விடவும் கூடாது.

நன்கொடை ரசீதில் இங்கே கண்டிப்பு அதிகம். விருந்தோடு கூடிய நிகழ்ச்சிக்கு 200 டாலர் டிக்கெட், சாப்பாட்டின் மதிப்பு 80 என்றால், 120-தான் நன்கொடை என்று எழுதித் தர வேண்டும். பதிலுக்கு ஏதாவது தரும்போது கட்டணம் 75 டாலருக்கு மேல் போனால் இந்த விதி. 250 டாலரோ அதற்கு மேலோ தந்தவர், எழுத்தில் ரசீது இல்லாமல் வரிக்கழிவு கேட்க முடியாது.

கடைசியாக நம்மவர்கள் விஷயம். இந்த ஊரில்தான் தியாகராஜ ஆராதனை 1978 முதல் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்த சின்னச் சின்ன நடனக் குழுக்களும் பறைக் குழுக்களும் பல ஊர்களில் உண்டு. வரிவிலக்குக்குப் பதிவு செய்வது எளிது. வருட வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் என்றால் சுருக்கப் படிவம், 275 டாலர் கட்டணம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். அந்த அளவுள்ள அமைப்பு வருடம் ஒருமுறை இணையத்தில் சில விவரங்கள் நிரப்பினால் போதும். செயலாளர் மாறுகிறார், பாஸ்வேர்டு அவரோடு போகிறது, யாரும் நிரப்புவதில்லை. தொடர்ந்து மூன்று வருடம் விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். தனியாகப் பதிவு செய்ய வலுவில்லாதவர்கள், ஏற்கெனவே பதிவுபெற்ற அமைப்பின் நிழலில் நன்கொடை வாங்கிக்கொள்ளலாம். அந்த அமைப்பு 5 முதல் 10 சதம் வரை எடுத்துக்கொண்டு கணக்கையும் பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு அதுவே மேல் என்பது என் கருத்து.

நம் சபாவின் கடந்த மூன்று வருட வரவு செலவையும் ரசீதுப் புத்தகத்தையும் தம்பியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு நன்கொடைக்கும் பக்கத்தில், எதற்கென்று தந்தார்கள் என்பதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும்வரை பென்சிலால் எழுதிவிடுங்கள். அது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மார்கழிக்குள் பன்னிரண்டு மாதப் பட்டியல் போட்டு அனுப்புகிறேன்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள் அன்பு மகள்