கடலில் எண்ணெய் என்று தலைப்புப் போடும் செய்தி ஆசிரியர்களுக்கு, சேலத்திலிருந்து

பத்திரிகை, டிவி, யூடியூப் சேனல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் சேலத்தில் நிலவியல் சொல்லிக்கொடுப்பவன். 2025 செப்டம்பரில் அந்தமான் கடலில் ஆயில் இந்தியா தோண்டிய ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றில் எரிவாயு தென்பட்டதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். தென் அமெரிக்க நாடான கயானா அளவுக்கு அந்தமானிலும் எண்ணெய் கிடைக்கக்கூடும் என்ற பேச்சு அதற்குச் சில மாதம் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், உங்களில் சிலர் எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, பங்க்கில் ஊற்றியே முடித்துவிட்டீர்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அஞ்சு ரோட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர், "எந்த ஷேரை வாங்கலாம் சார்?" என்று என்னிடம் வந்து நிற்கிறார்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் தயவுசெய்து ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: இதற்கு மூலப்பாறை, அதாவது இது பிறந்த பாறை எது?

எண்ணெய் தேங்கி நிற்கும் பாறை வேறு, அது பிறந்த பாறை வேறு. நம் ஏற்காட்டு மலையில் இருக்கும் சார்னோகைட் என்ற கடினப் பாறை 700 டிகிரிக்கும் மேலான சூட்டில் உருவானது. அந்தச் சூட்டில் உயிர்ப்பொருளின் கார்பன் கிராஃபைட்டாகத்தான் மிஞ்சும், எண்ணெய்க்கு வழியே இல்லை. ஆனால் காவிரிப் படுகையின் கடல் பகுதியில் பி.ஒய்-1 என்ற வயலில் எரிவாயு இருப்பது வெடிப்பு விழுந்த கிரானைட்டுக்குள். கிரானைட் அதை உண்டாக்கவில்லை. பக்கத்துப் பள்ளங்களில் புதைந்த, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் களிமண் பாறையில் பிறந்து, நகர்ந்து வந்து அங்கே தங்கியிருக்கிறது.

அந்தக் களிமண் பாறையைத்தான் புவிவேதியியல் சோதிக்கிறது. முதலில் மொத்தக் கரிமக் கார்பன், அதாவது உயிர்ப்பொருளிலிருந்து வந்த கார்பன் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் பெரும்பாலும் அதை ஒதுக்கிவிடுவார்கள், ஒரு சதவீதத்தைத் தாண்டினால்தான் நல்ல பாறை. அப்புறம் ராக்-எவல் என்ற கருவியில் பாறைத் தூளைச் சுமார் 300 டிகிரியிலிருந்து படிப்படியாகச் சூடாக்கி, ஒரு கிராம் கார்பனுக்கு எத்தனை மில்லிகிராம் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், வாயு இரண்டும் இதில் அடங்கும்) வருகிறது என்று அளப்பார்கள். 300 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் அது பெரும்பாலும் பாசி, மிதவையுயிரிகளின் சேறு, எண்ணெய் தரும்; 200க்குக் கீழே என்றால் பெரும்பாலும் நிலத்துச் செடிகொடிகளின் மிச்சம், முக்கியமாக வாயுதான் தரும். அப்படிச் சூடாக்கும்போது ஹைட்ரோகார்பன் மிக அதிகமாக வெளியேறும் வெப்பநிலை, பாறையின் பக்குவத்தைச் சொல்லும். 435 டிகிரிக்குக் கீழே இருந்தால் அது இன்னும் காய், அதிலிருந்து 470 வரை பழம், அதற்கு மேல் எண்ணெய்க்கு அழுகல், வாயுவுக்கு மட்டும் ஆகும். மாம்பழ ஊர்க்காரன் என்பதால் வகுப்பிலும் இப்படித்தான் சொல்வேன். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் கிணறுகளில் எண்ணெய் கலந்த சேற்றை ஊற்றித் தோண்டியிருந்தால், அந்த எண்ணெயே பாறைத் துகளில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும், நன்றாகக் கழுவாத மாதிரியை வைத்து "எண்ணெய்ச் சுவடு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கயானாவில் 2015-இல் லிசா எண்ணெய் வயல் கிடைத்த பிறகு 1,100 கோடி பீப்பாய்க்கு மேல் கணக்குச் சொல்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் ஆக்சிஜன் குறைந்த கடலடியில் அழுகாமல் படிந்த சேறு. பாறையின் பெயர்கூடத் தெரியும், கான்ஜே. அது கண்டங்கள் பிரிந்து விலகிய ஓரம். அந்தமானோ பூமியின் மேலோட்டிலுள்ள ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் செருகும் இடம். குளிர்ந்த தட்டு கீழே போவதால் தீவுகளை ஒட்டிய படுகைகளில் பொதுவாகச் சூடு குறைவு, அதாவது பாறை பழுக்க அதிக ஆழம் வேண்டும்.

சரி, கிடைத்த வாயுவில் 87 சதவீதம் மீத்தேன் என்று எல்லோரும் போட்டீர்கள். மீதி 13 என்ன என்று ஏன் கேட்கவில்லை? ஈத்தேன், புரொப்பேன் என்றால் ஆழத்தில் பழுத்த பாறையின் சுவடு. நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்றால் கதை வேறு. மீத்தேனின் கார்பன் ஐசோடோப்பு அளவு (கனமான கார்பன் எவ்வளவு குறைவு என்பதை ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்லும் கணக்கு) மைனஸ் 60-க்கும் கீழே போனால், அது பெரும்பாலும் மேலடுக்குச் சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய வாயு. அதுவும் எரியும், விற்கலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு அடியில் எண்ணெய் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இதைக் கேட்க நிபுணராக இருக்கத் தேவையில்லை, செய்தியாளர் கூட்டத்தில் ஒரு கை உயர்த்தினால் போதும். புரியாவிட்டால் பக்கத்திலிருக்கும் கல்லூரி நிலவியல் துறைக்கு ஒரு போன் போடுங்கள். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, அரசு கலைக் கல்லூரியிலும் இருக்கிறது. தலைப்பை அதற்குப் பிறகு வையுங்கள்.