துப்பாக்கிப் பேரலை நீயே மாற்ற வேண்டாம், கதிர்

அன்புள்ள கதிருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்தப் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் 4 அங்குலப் பேரலை, அதாவது குண்டு பாயும் குழாயை, கழற்றிவிட்டு 6 அங்குலம் போட ஆசைப்படுகிறாய். துப்பாக்கி செப்பனிடும் கன்ஸ்மித்திடம் கொடுப்பதா, நாமே செய்துகொள்வதா என்று கேட்டிருந்தாய். கொடுத்துவிடுப்பா. உன் கைவேலை மேல் எனக்குக் குறையே இல்லை. இந்த வேலை வேறு மாதிரி.

பேரல் ஃபிரேமுக்குள் (துப்பாக்கியின் உடலுக்குள்) திருகி நிற்பது மரையில்தானே, கழற்றி மாட்டினால் முடிந்தது என்றுதான் தோன்றும். அந்த மரை அங்குலத்துக்கு 36 சுற்று. ஒரு முழுச் சுற்றுக்குப் பேரல் 0.028 அங்குலம் நகரும். இறுக்கி முடித்ததும் குறிபார்க்கும் முன் சைட் நேர் மேலே நிற்க வேண்டும். அதற்குக் கால் சுற்று இருக்கும்போதே பேரலின் தோள் (ஃபிரேமில் போய் முட்டும் விளிம்பு) முட்டி இறுகிவிட்டது என்று வை. தோளில் 0.007 அங்குலம் கடைந்தெடுக்க வேண்டும். எடுத்தால் பேரலின் பின்முனை அதே அளவு, குண்டுகளை வைக்கும் சிலிண்டர் பக்கம் போய்விடும். அங்கே இருக்க வேண்டிய இடைவெளியே 0.004 முதல் 0.008 அங்குலம்தான்! அப்புறம் பின்முனையைச் சீவ வேண்டும். சீவினால் குண்டு நுழைகிற கூம்பு வாய் சிறுத்துவிடும், ரீமர் என்ற குடையும் கருவி போட்டு மறுபடி வெட்ட வேண்டும். ஒன்றைத் தொட்டால் அடுத்தது கலைகிறது. இடைவெளி குறைந்தால் கொஞ்சம் சுட்டதுமே கரியும் சூடும் சேர்ந்து சிலிண்டர் சிக்கும். கூடினால் நெருப்பும் ஈயத்துணுக்கும் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் முகத்தை நினைத்துப் பார்.

எனக்குப் பெரிய பயம் ஃபிரேமைப் பற்றித்தான். பேரலை வைஸில் (மேசைப் பிடிப்பானில்) கடித்து, சிலிண்டர் இருந்த ஜன்னலுக்குள் சுத்தியல் பிடியை விட்டு நெம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபிரேம் துளி வளைந்தாலும் போச்சு. சிலிண்டர் அறையும் பேரலும் நேர்கோட்டில் நிற்காது. ஃபிரேமின் வடிவத்துக்கே செய்த பிடிகட்டைகள் வேண்டும். ஒரே ஒரு பேரலுக்காக அவற்றையும் ரீமரையும் கேஜையும் வாங்கிக் குவிப்பது வீண். வாங்கினாலும் முதல் முயற்சி உன் துப்பாக்கியில்தானே நடக்கும்?

டான் வெஸ்ஸன் ரிவால்வராக இருந்தால் நீயே செய் என்றிருப்பேன். அதில் பேரலை முன்முனையில் ஒரு நட் இழுத்துப் பிடிக்கும். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து இடைவெளியைச் சரிசெய்து நட்டை இறுக்கினால் போதும். சொந்தக்காரரே மாற்றட்டும் என்றே வடிவமைத்தது அது. உன்னுடையது அப்படி இல்லை.

கொடுக்கும் முன் அவரிடம் கேள்: இந்த ஃபிரேமுக்கான பிடிகட்டை இருக்கிறதா, பேரலும் அறையும் நேராக இருக்கிறதா என்று காட்டும் ரேஞ்ச் ராட் கம்பியை விட்டு ஆறு அறையையும் பார்ப்பாரா, சுட்டுப் பார்த்துத் தருவாரா? மழுப்பினால் வேறு ஆளைப் பார். பல நாடுகளில் பேரல் வாங்கவே அனுமதி வேண்டும், நீ இருக்கும் இடத்தில் சட்டம் என்ன என்றும் விசாரித்துக்கொள்.

இன்னொன்று. ஏறத்தாழ 1982-க்கு முந்தைய ஸ்மித்களில் பேரலைப் பிடித்துக்கொண்டு ஃபிரேமின் குறுக்கே ஒரு சின்ன உலோக ஊசி (பின்) இருக்கும். சிலிண்டரைத் திறந்து, ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு, பேரல் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் மேலாக அதைத் தேடு. இருக்கிறதா என்று எழுது, எந்தப் பேரலைத் தேடுவது என்று பேசுவோம்.

அன்புடன்,
அப்பா