திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு சுற்றுக்கு விடப்பட்டுள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். மழையால் தடைப்பட்ட ஒரு மாதம் தவிர, மாதந்தோறும் படம் காட்டியிருக்கிறோம். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் விளக்கம் தர வேண்டியிருக்கிறது. ஏனெனில் புகார்க் கடிதங்கள் முழுவதும் அதைக் குறித்தே வந்தன.

1951-இல் எம்.ஜி.எம். தயாரிப்பில் ரிச்சர்ட் தார்ப் இயக்கிய 'தி கிரேட் கரூசோ'தான் அந்தப் படம். 1873-இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் பிறந்த ஓபரா (மேலைநாட்டு இசை நாடகம்) பாடகர் என்ரிக்கோ கரூசோவாக மாரியோ லான்சா நடித்துப் பாடியிருக்கிறார்.

படம் வரலாற்றைத் திரிக்கிறது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். அவர் சொல்வது உண்மை. படத்தில் கரூசோ பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் சரிகிறார். நடந்தது வேறு. 1920 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் மேடையில் அவர் தொண்டையிலிருந்து ரத்தம் கசிந்தது. கைக்குட்டைகளால் துடைத்துக்கொண்டே முதல் அங்கத்தை முடித்தார். அதே மாதம் 24-ஆம் தேதி அந்நகரின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் கடைசியாகப் பாடினார். 1921 ஆகஸ்டில் நேப்பிள்ஸில் காலமானபோது வயது 48. பாடகி அடா ஜியாக்கெட்டியோடு அவர் வாழ்ந்ததும், அவர்களுக்கு இரு மகன்கள் இருந்ததும் படத்தில் மூச்சே இல்லை. கரூசோவின் மனைவி டோரதி எழுதிய நூலைத் தழுவிய படமாயிற்றே, வேறெப்படி இருக்கும்?

ஆனாலும் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக நான் வருந்தவில்லை. கரூசோ இறந்த அதே ஆண்டில் பிலடெல்பியாவில் பிறந்தவர் லான்சா. தொழில்முறை ஓபரா குழுவோடு முழு ஓபராவில் மேடையேறியதென்றால், 1948-இல் நியூ ஆர்லியன்ஸில் 'மேடம் பட்டர்ஃபிளை'யில் இரண்டே முறை. மேடையில் கிடைக்காத இடத்தை அவர் திரையில் எடுத்துக்கொண்டார். அழுகையை விழுங்கிக்கொண்டு கோமாளி வேடம் கட்டுகிறவனின் பாட்டை அவர் பாடியபோது, 'மொழி புரியவில்லை' என்று முன்வரிசையில் முனகிக்கொண்டிருந்தவரே முறுக்குப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் மடித்து வைத்ததை நான் பார்த்தேன். சிறுவன் வயதிலேயே இந்தப் படத்தைப் பார்த்து மயங்கியவர்தான் பின்னாளில் பெரும் பாடகராக விளங்கிய ஹோசே கரேராஸ். வேடிக்கை என்னவென்றால், லான்சாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட 'தி லவ்லியஸ்ட் நைட் ஆஃப் தி இயர்' என்ற வால்ட்ஸ் நடனப் பாட்டைப் படத்தில் பாடுகிறவர், டோரதியாக நடித்த ஆன் பிளைத்!

மற்றொரு புகாருக்கு என்னிடம் பதிலில்லை. லான்சா உச்ச ஸ்வரத்தைத் தொட்டபோதெல்லாம் நமது இடப்பக்க ஒலிபெருக்கி தகரக்கூரையில் கல் விழுந்ததுபோல அதிர்ந்தது. மூன்றாம் பாட்டில் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். மீதிப் படத்தை எல்லோரும் வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். சிறந்த ஒலிப்பதிவுக்காக ஆஸ்கர் வாங்கிய படத்துக்கு நாம் செய்த மரியாதை இது.

ஒலிபெருக்கி வாங்க ஒப்புதல் கோரும் தீர்மானம் உங்கள் முன் வைக்கப்படுகிறது. விலைப்புள்ளிகள் பொருளாளரிடம் உள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்