லண்டன் போ காமன் (Bow Common) செயின்ட் பால்ஸ் சர்ச்ல டேப் பிடிச்ச கைகளுக்கு

எல்லாருக்கும் வணக்கம். மூணு சனிக்கிழமை முழுக்க உங்க சர்ச்சைப் படமா வரையறதுக்காக அளந்துக்கிட்டே கிடந்தேன், ஒருத்தர்கூட முகம் சுளிக்கல, அதுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி கதவு திறந்துவிட்ட அம்மாவுக்கு. அவசரமா உள்ள போகப் பார்த்தவன நிறுத்தி, வாசலுக்கு மேல இருக்கறத முதல்ல படிப்பான்னு சொன்னீங்க. எழுத்துக் கலைஞர் ரால்ஃப் பேயரோட எழுத்து. நம்ம பைபிள்ல "இது தேவனுடைய வீடேயல்லாமல் வேறல்ல, இது வானத்தின் வாசல்"னு யாக்கோபு சொல்வாரே, அதேதான். வெளிய வெறும் செங்கல், ஃபேக்டரி மாதிரிகூட தெரிஞ்சது, உள்ள வந்தா மேல இருக்கற கண்ணாடிக் கூண்டுலேர்ந்து வெளிச்சம் நேரா நடுவுல பலிபீடத்து மேல இறங்குது, டேப்பையே மறந்து நின்னுட்டேன்.

டேப்போட மறுமுனையப் பிடிச்ச தாத்தா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. பழைய சர்ச் 1941ல குண்டு விழுந்து போனது, குருவானவர் கிரஷாம் கிர்க்பி புதுசு கட்ட ராபர்ட் மக்வயரையும் கீத் மரேயையும் நம்பினது, வரைய ஆரம்பிச்சப்ப ரெண்டு பேருக்கும் முப்பது வயசுகூட ஆகலைங்கறது, எல்லாம் முட்டி போட்டு அளந்துக்கிட்டே பேசினோம். தரைல தெரு நடைபாதைக் கல்லையே போட்டிருக்காங்க, கல்ல எண்ணினாலே பாதி அளவு வந்துடும்னு நீங்க சொல்லலைன்னா எனக்கு இன்னும் ரெண்டு சனிக்கிழமை ஆகியிருக்கும்.

பைனாகுலர் குடுத்த தம்பிக்கும் நன்றிப்பா. சுவர் மேல சார்லஸ் லட்யன்ஸ் 1963லேர்ந்து 1968 வரைக்கும் துண்டு துண்டா ஒட்டின மொசைக் தேவதூதர்கள் முகம், கீழேர்ந்து வெறும் கண்ணுக்கு இவ்வளவு பிடிபட்டிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் வாங்கன்னு கூப்பிட்டீங்களே, அதுதான் பெரிய உதவி. 1960லயே, ரோம்ல கத்தோலிக்க சபையோட ரெண்டாம் வத்திக்கான் சங்கம் கூடறதுக்கு முன்னாடியே, பலிபீடத்த நடுவுக்குக் கொண்டுவந்தாங்கன்னு படிச்சிருக்கேன், ஆனா அன்னிக்கு உக்காந்தப்பதான் புரிஞ்சது, ஜெபம் பண்றப்ப பலிபீடத்துக்கு அந்தப்பக்கம் இன்னொருத்தர் முகம் தெரியுது, யாரோட முதுகையும் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. வெறும் நாற்காலியா வரைஞ்ச படத்த வீட்டுக்குப் போய் அழிச்சுட்டு ஆளுங்களோட வரைஞ்சேன்.

முடிஞ்சதும் ஒரு பிரிண்ட் கொண்டுவந்து வாசல் மேசைல வைக்கறேன். தாத்தா, அளவுல தப்பு இருந்தா பென்சில்ல அதுலயே குறிச்சுடுங்க.