கடன் நோட்டு நனைந்தபோது கடைக்கு வந்தவர்களுக்கு

ஊத்தங்கரை மக்களுக்கும் சுற்றுப்பட்ட கிராமத்து வாடிக்கையாளர்களுக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. கடையைத் திரும்பத் திறந்த வேலையில் தள்ளிப்போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 டிசம்பர் 1, ஞாயிறு ராத்திரி ஃபெஞ்சல் புயல் மழை நம் ஊரில் கொட்டியதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடிந்ததும் 50 சென்டிமீட்டர் என்று கணக்குச் சொன்னார்கள். ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதை நாடே டிவியில் பார்த்தது. அந்தத் தண்ணீர் எங்கள் மளிகைக் கடைக்குள்ளும் இடுப்பளவு நின்றது. ஷட்டரைத் தூக்கினால், உப்பு மூட்டை இருந்த இடத்தில் வெறும் சாக்குதான் கிடந்தது. வெல்லம் கரைந்து போயிருந்தது. பொட்டுக்கடலையும் புளியும் சேறும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. கேழ்வரகு மூட்டையில் மூன்றாம் நாள் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

முதல் நன்றி, கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்த தெருப் பிள்ளைகளுக்கு. இரண்டு நாள் சேறு வாரினார்கள். எதிர் டீக்கடை பாய் அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்த டீக்கு இன்றுவரை காசு வாங்க மாட்டேன் என்கிறார். மண்டிக்கார அண்ணன் பழைய பாக்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "மொதல்ல கடைய தொறம்மா" என்று அரிசியும் பருப்பும் இறக்கிவிட்டுப் போனார்.

ஆனால் நான் அதிகம் சொல்ல வேண்டியது கடன் நோட்டைப் பற்றி.

என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் கடையில் பற்று நோட்டு உண்டு. மாங்காய் விற்ற காசு வந்ததும் கொடுப்பவர்கள், சனிக்கிழமை கூலி வாங்கியதும் கொடுப்பவர்கள், பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் மகன் பணம் அனுப்பியதும் கொடுப்பவர்கள் என்று எல்லார் கணக்கும் அதில்தான். ஜெல் பேனாவில் எழுதியிருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் நீலக் கறைதான். ஏறக்குறைய 80,000 ரூபாய். யாரிடம் போய் எதைக் காட்டிக் கேட்பது? போனது போனதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

நான்காம் நாள் ஒரு அம்மா வந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஈரத் தரையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். "சீயக்கா ஒண்ணு, உப்பு ரெண்டு, பேரனுக்கு முறுக்கு மூணு. தீவாளிக்கு வாங்கின எண்ணெய சேத்துக்கோ கண்ணு, மறந்துறாத." 340 ரூபாய் வந்தது. என் ஞாபகத்தில் 280 தான் இருந்தது. நூறு ரூபாயை வைத்துவிட்டு, மீதியைப் புது நோட்டில் எழுதச் சொன்னார். அவர் எதிரிலேயே எழுதினேன்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தீர்கள். ஓசூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்து, அப்பாவின் பாக்கியைக் கேட்டு ஜிபேயில் போட்டார். இந்த வாரம்வரை 60,000 ரூபாய்க்கு மேல் திரும்பிவிட்டது. மண்டிக்குப் பாதி கட்டிவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்ததிலிருந்து எங்களைப் போன்ற கடைகளுக்கு வியாபாரம் குறைந்தது உண்மை. அவர்கள் கம்பெனியிலிருந்து லாரி லாரியாக நேரே எடுக்கிறார்கள். எனக்கு ஏஜென்சி போடுகிற விலைக்கே அவர்கள் சோப்பை விற்க முடிகிறது. ஐந்து ரூபாய் மிச்சமாகிறது என்று அங்கே போகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை; குடும்பம் நடத்துகிறவளுக்கு அந்த ஐந்து ரூபாயின் அருமை தெரியும். ஆனால் பத்து ரூபாய்க்குப் பருப்பு கேட்டு வரும் குழந்தைக்குப் பொட்டலம் கட்டித் தரவும், "சம்பளம் வந்ததும் தரேன்க்கா" என்றால் தலையாட்டவும் அங்கே பில் போடும் பிள்ளைக்கு உரிமை இல்லை. என் கடையில் அந்த உரிமை என்னிடம் இருக்கிறது. அதை நம்பித்தான் திரும்பத் திறந்தேன்.

அங்கே பில் போடும் நம் தெருப் பெண் ஒருத்திக்கும் நன்றி சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு வேலை முடிந்து, நின்று வலித்த காலோடு வந்து, நனைந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். அந்த ஒரு வாரம் தினமும் வந்தாள்.

கடைசியாக ஒன்று. கடை திறந்த அன்று காலை ஷட்டருக்குக் கீழே ஒரு கவர் கிடந்தது. உள்ளே 500 ரூபாய், "பழைய பாக்கி" என்று ஒரு சீட்டு. பெயர் இல்லை. புது நோட்டில் அந்தப் பணத்துக்கு ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கே கடையில் இருப்பேன். வந்து பெயரைச் சொல்லுங்கள், வரவு வைக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மளிகைக் கடை அக்கா
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்