சேகருக்கு: பாரலல் ஃப்ளாஷ் லேப் பற்றி

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்ள சேகர்,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல், தங்கச்சி பார்த்துக்கொள்வாள் என்று நீ அசட்டையாக இருந்துவிடாதே. இங்கே பெரியவளுக்குத் தை மாதம் வளைகாப்பு. பத்திரிகை தனியாக வரும். கடையில் வேலைக்குக் குறைவில்லை. மில்களில் இன்னும் ஓடுகிற பழைய கன்ட்ரோல் போர்டுகள் இருக்கும்வரை என் பிழைப்பும் ஓடும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பாலிடெக்னிக் பையன்களுக்குப் பாரலல் ஃப்ளாஷ் சிப்பை (மின்சாரம் போனாலும் மறக்காத, ஒரு பைட்டின் எட்டு பிட்டையும் எட்டுக் கம்பியில் ஒரே நேரத்தில் தரும் மெமரி சிப்) வைத்து லேப் எடுக்கப் போவதாகவும், படிப்பது இவ்வளவு லேசாக இருக்கும்போது எழுத மட்டும் ஏன் இத்தனை சடங்கு என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றும் எழுதியிருந்தாய். புரோகிராமர் மெஷினில் செருகி மவுஸை அழுத்தி முடித்துவிடாமல் கையால் செய்ய வைக்கப் போகிறாயே, அதற்கே உனக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும்.

எஸ்எஸ்டி39எஸ்எஃப்040 எடுத்துக்கொள். 512 கிலோபைட், 5 வோல்ட், 32 கால். முகவரிக்கு 19, டேட்டாவுக்கு 8, கன்ட்ரோலுக்கு 3, சப்ளைக்கு 2. கணக்கு சரியாகிவிடும், சும்மா விட்ட கால் ஒன்றுகூட இல்லை. எஸ்எஸ்டி கம்பெனியை 2010இல் மைக்ரோசிப் வாங்கிவிட்டது, ஆனாலும் சிப் பழைய பெயரிலேயே வருகிறது. சிப்பை ஆட்டிவைக்க ஆர்டுயினோ மெகா என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு போதும், அதுவும் 5 வோல்ட்தான்; பின்களுக்கும் பஞ்சமில்லை.

படிப்பதில் சொல்ல அதிகம் இல்லை. முகவரியை வை, சிஈ (சிப்பை எழுப்பும் கால்), ஓஈ (டேட்டாவை வெளியே விடும் கால்) இரண்டையும் கீழே, அதாவது 0 வோல்ட்டுக்கு, இழு, டபிள்யூஈ (எழுதச் சொல்லும் கால்) மேலேயே, 5 வோல்ட்டில், இருக்கட்டும். 70 நானோசெகண்டில் பைட் வெளியே வந்து நிற்கும். ஆர்டுயினோ ஒரு பின்னை அசைப்பதற்குள் சிப் பத்து தடவை பதில் சொல்லிவிடும். ஒன்றை மட்டும் பையன்களிடம் அழுத்திச் சொல்: ஓஈ-யை இழுப்பதற்கு முன்னால் மெகாவின் எட்டு டேட்டா பின்களையும் இன்புட் ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே கம்பியைப் பிடித்து இழுக்கும், சிப் சூடாகும்.

எழுதுவதில்தான் விஷயமே இருக்கிறது. அழித்த சிப்பில் எல்லா பிட்டும் 1, எந்த பைட்டைப் படித்தாலும் ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) எஃப்எஃப். ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர் செல்; அதில் சுற்றிலும் இன்சுலேஷன் போட்ட மிதக்கும் கேட்டுக்குள் எலக்ட்ரான்களை ஏற்றினால் டிரான்சிஸ்டர் திறக்க இன்னும் அதிக வோல்ட் தேவைப்படும், அது 0 என்று படிக்கப்படும். ஆக, சார்ஜ் ஏறியது 0, காலியானது 1. பையன்கள் இதைத் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். 1-ஐ 0 ஆக்குவதை ஒவ்வொரு பைட்டாகச் செய்யலாம். 0-வைத் திரும்ப 1 ஆக்க வேண்டுமென்றால் அந்த செக்டார் முழுவதையும் அழித்தாக வேண்டும். இந்தச் சிப்பில் ஒரு செக்டார் 4 கிலோபைட். கோலத்தில் இன்னொரு கோடு இழுக்கலாம், இழுத்த கோட்டை எடுக்க வாசலையே கழுவ வேண்டும், அந்த மாதிரி.

எழுதுகிற வரிசை இது, எண்கள் எல்லாம் ஹெக்ஸ். முகவரி 5555இல் ஏஏ, 2ஏஏஏ-வில் 55, மறுபடி 5555இல் ஏ0, நாலாவதாக உன் முகவரியில் உன் பைட். ஒவ்வொரு தடவையும் டபிள்யூஈ கீழே இறங்கும்போது முகவரியும், மேலே ஏறும்போது டேட்டாவும் உள்ளே பதிவாகும். முதல் மூன்று எழுத்தும் (எழுத்து என்றால் இங்கே ஒரு தடவை எழுதுவது) செல்லுக்குப் போவதே இல்லை, சிப்புக்குள் இருக்கும் ஒரு சின்ன காவல்காரச் சர்க்யூட் அவற்றைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கிறது. 55-ஐயும் ஏஏ-வையும் பைனரியில் எழுதிப் பார்க்கச் சொல். ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வரும். சப்ளை ஏறும்போதோ இறங்கும்போதோ பிராசசர் உளறிக் கண்ட இடத்தில் எழுதினால், முகவரியும் டேட்டாவும் இந்த வரிசையில் மூன்று தடவை ஒத்துவருவது நடக்காத காரியம். வரிசையில் ஒன்று பிசகினாலும் சிப் பேசாமல் படிக்கும் நிலைக்குத் திரும்பிவிடும்.

நாலாவது எழுத்து முடிந்ததும் சிப் தானாக வேலை செய்கிறது, ஒரு பைட்டுக்குச் சுமார் 14 மைக்ரோசெகண்ட். அதுவரை டேட்டா பின்களில் டேட்டா கிடையாது, வேலை நிலவரம்தான் வரும். எட்டு டேட்டா பின்களில் மேல் பிட்டான டிகியூ7-இல் நீ எழுதிய பிட்டின் எதிர்மறை வரும், வேலை முடிந்ததும் சரியான பிட் வரும். டிகியூ6 ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் மாறிக்கொண்டே இருக்கும், முடிந்ததும் நின்றுவிடும். இதில் ஒரு நுணுக்கம்: டிகியூ7 சரியாகிவிட்ட அதே கணத்தில் மற்ற ஏழு பிட்டும் சரியாகியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு மைக்ரோசெகண்ட் விட்டு மறுபடி படித்து ஒப்பிடச் சொல்.

அழிக்க ஆறு எழுத்து. 5555இல் ஏஏ, 2ஏஏஏ-வில் 55, 5555இல் 80, மறுபடி ஏஏ, 55, கடைசியாக செக்டார் முகவரியில் 30. கடைசி எழுத்து 5555இல் 10 என்றால் முழுச் சிப்பும் காலி. செக்டாருக்கு 18 மில்லிசெகண்ட், முழுச் சிப்புக்கு 70 மில்லிசெகண்ட். 128 செக்டாரையும் ஒவ்வொன்றாக அழித்தால் இரண்டு விநாடிக்கு மேல் ஆகும், மொத்தமாக அழித்தால் கண் இமைக்கும் நேரம். நம் லேபில் யூவி வெளிச்சத்தில் அழியும் பழைய 27சி256 சிப்பின் கண்ணாடி ஜன்னலை மேலே பார்த்து வைத்து, யூவி பெட்டியில் இருபது நிமிஷம் போட்டுவிட்டு கேன்டீனுக்குப் போவோமே. ஃபுஜியோ மசுவோகா 1984இல் தோஷிபாவிலிருந்து மின்சாரத்தாலேயே மொத்தமாக அழிக்கும் இந்த வித்தையை உலகுக்குச் சொன்னபோது நம் கேன்டீன் சாக்குக்கு ஆபத்து வந்துவிட்டது.

1988இல் இன்டெல் விற்கத் தொடங்கிய முதல் தலைமுறைச் சிப்களில் வேலை இன்னும் கடினம். 12 வோல்ட் தனியாகத் தர வேண்டும். அழிப்பதற்கு முன்னால் எல்லா பைட்டிலும் நீயே 00 எழுதியாக வேண்டும். அழிக்கப் போவதில் எதற்கு எழுதுவது என்று பையன்கள் கேட்பார்கள். ஏற்கெனவே காலியாக இருக்கும் செல்லிலிருந்து இன்னும் உருவினால் அது தேவைக்கு மேல் அழிந்து, கூப்பிடாமலே திறந்து நிற்கும். அதே பிட் லைனில் (பல செல்களைச் சேர்த்துப் படிக்கும் கம்பியில்) இருக்கும் மற்ற செல்களின் வாசிப்பையும் கெடுக்கும். எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அழித்தால் அந்தத் தொல்லை இல்லை. பிறகு வந்த ஏஎம்டி கம்பெனியின் சிப்கள் இந்த வேலையைத் தாங்களே உள்ளே செய்துகொண்டன. எஸ்எஸ்டி செல்லின் அமைப்பே வேறு, அதற்கு இது தேவையே இல்லை.

உன் வகுப்புக்கு என் யோசனை: ஒரு பழைய ஏஎம்29எஃப்040பி (ஏஎம்டி சிப்) தேடி எடு. அதே 32 கால், அதே இடங்கள். அதன் டேட்டாஷீட்டில் 555, 2ஏஏ என்று போட்டிருக்கும். முகவரியின் கீழ் 11 பிட்டை மட்டுமே பார்க்கும் என்பதால் 5555, 2ஏஏஏ என்று அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளும், பைட் எழுதவும் முழுச் சிப்பை அழிக்கவும் எஸ்எஸ்டிக்குச் சொன்ன வரிசைகள் அப்படியே ஓடும். இதில் முழுச் சிப்பை அழிக்கச் சுமார் எட்டு விநாடி. அந்த மெத்தனம்தான் உனக்கு வேண்டும். டேட்டா லைன்களில், எல்இடியின் சுமை சிப்பின் மேல் விழாதபடி, 74எச்சி245 பஃபர் வைத்து எட்டு எல்இடி போடு. அழிக்கும் கட்டளை போனதும் அரை விநாடிக்கு ஒரு தடவை ஓஈ-யைக் கீழே இழுத்துக் கொஞ்சம் பிடித்திரு. டிகியூ7 அணைந்தே கிடக்கும், டிகியூ6 ஒரு தடவை எரியும், ஒரு தடவை அணையும். திடீரென்று எட்டும் சேர்ந்து எரிந்து அப்படியே நிற்கும். எல்லா பிட்டும் 1.

இன்னொன்றையும் காட்டிவிடு: அழிக்கும் நேரத்தில் அந்தச் சிப்பிலிருந்து ஒரு பைட்டையும் படிக்க முடியாது. தன் புரோகிராமையே அந்தச் சிப்பில் வைத்து ஓட்டும் பிராசசர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால், அடுத்த கட்டளைக்குப் பதிலாக நிலவரப் பிட்டுகளைப் படித்துவிட்டுப் பைத்தியம் பிடித்து நிற்கும். அதனால்தான் அழித்து எழுதும் பகுதியை முதலில் ரேமுக்கு நகலெடுத்துக்கொண்டு அங்கிருந்து ஓட்டுகிறார்கள்.

அந்த மூன்று எழுத்துப் பூட்டு தவறுக்குத்தான் தடை, திருட்டுக்கு இல்லை. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் விழித்துக்கொண்டபோது சில கம்ப்யூட்டர்களின் பயாஸ் சிப்பையே (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் புரோகிராம் இருக்கும் ஃப்ளாஷ்) குப்பையாக்கியது நினைவிருக்கும். வரிசை தெரிந்தவன் யாரும் எழுதலாம், டேட்டாஷீட்டிலேயே இருக்கிறதே. 12 வோல்ட் காலத்தில் அந்த வோல்ட்டை இணைக்கும் ஜம்பரைக் கழற்றிவிட்டால் எந்த சாஃப்ட்வேராலும் தொட முடியாது. 5 வோல்ட்டே போதும் என்று ஆனதும் பல போர்டுகளில் ஜம்பரும் போயிற்று. என்னிடம் வரும் போர்டுகளில் வேலை முடிந்ததும் முடிந்தவரை டபிள்யூஈ-யை சப்ளையோடு கட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். நீ இதைப் பழைய ஆள் பழக்கம் என்பாய், சொல்லிக்கொள்.

வாங்கும் சிப் எதுவானாலும் மேலே அச்சடித்ததை நம்பாமல் முதலில் அடையாளம் கேட்கச் சொல்: அதே இரண்டு எழுத்துக்குப் பிறகு 5555இல் 90. எஸ்எஸ்டி என்றால் முகவரி 0இல் பிஎஃப், 1இல் பி7 வரும். வெளியேற எஃப்0.

என்னிடம் ஏஎம்டி இரண்டு இருக்கிறது, செவ்வாய்க்கிழமை கூரியரில் போடுகிறேன். ஒன்றில் யாரோ ஒருவரின் பழைய தறி புரோகிராம் இருக்கிறது, பையன்கள் தயங்காமல் அழிக்கட்டும். வளைகாப்புக்குக் குடும்பத்தோடு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு.

அன்புடன்,
ரங்கராஜ்