கொக்குராவும் கியூஷுதானே, ஐயா?

ஜப்பானின் ஜே.ஆர். கியூஷு, ஜே.ஆர். மேற்கு ஆகிய இரு ரயில் நிறுவனங்களிலும் வெளிநாட்டுப் பயணிகளுக்கான பாஸ்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் வண்டிகளின் நேரம் பற்றியோ, சுத்தம் பற்றியோ யாருக்கும் குறையில்லை. குறை, கியூஷு தீவின் வடக்கே ஹகாத்தாவுக்கும் கொக்குராவுக்கும் நடுவிலுள்ள ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பாதையைப் பற்றியது. உங்கள் கட்டணக் கணக்கில் அது 67.2 கிலோமீட்டர். இந்தத் துண்டை முழு கியூஷு பாஸிலும் வட கியூஷு பாஸிலும் சேர்த்துவிடுங்கள். கேட்க வந்தது இது ஒன்றைத்தான்.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. 1975-ல் ஹகாத்தா வரை ஷின்கான்சென் வந்தபோது எல்லாம் ஒரே தேசிய ரயில்வே. 1987-ல் அது பல ஜே.ஆர். நிறுவனங்களாகப் பாகப்பிரிவினை ஆயிற்று. ஷின்-ஒசாகாவிலிருந்து வரும் சான்யோ ஷின்கான்சென் ஹகாத்தா வரை முழுக்க ஜே.ஆர். மேற்கு நிறுவனத்துக்குப் போயிற்று. கொக்குரா கியூஷு தீவில் இருந்தும், அதன் ஷின்கான்சென் பிளாட்பாரம் கியூஷு நிறுவனத்துக்கு இல்லை. மேற்கு அண்ணனும் கியூஷு தம்பியும் வீட்டைப் பிரித்துக்கொள்வதில் எங்களுக்கு என்ன வந்தது? ஆனால் தம்பி அழைத்த விருந்தாளி தம்பி வீட்டுக்கொல்லைக்குப் போக அண்ணனின் ரேழியைக் கடந்தால், அதற்குத் தனியாகக் காசு வாங்குவது எந்த ஊர் வழக்கம்?

இந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பயணி கியூஷுவின் தெற்கே ககோஷிமா-சூவோவில் சகுரா என்ற ஷின்கான்சென் வண்டியில் ஏறுகிறார். பாஸ் செல்லும். ஹகாத்தாவில் ஓட்டுநரும் கண்டக்டரும் இறங்குகிறார்கள். மேற்கு நிறுவனத்தின் ஆட்கள் ஏறுகிறார்கள். பயணிக்குத் தெரிய வேண்டிய ஒரே மாற்றம் இதுதான், அதுவும் கண்ணில் படாது. அதே வண்டி, அதே இருக்கை. இங்கே ஓடும் எட்டுப் பெட்டி என்700 வகை வண்டிகளில் சில அண்ணனுடையவை, சில தம்பியுடையவை என்றாலும் இரண்டுக்கும் ஒரே வெளிர்நீலப் பீங்கான் நிறம் அடித்துவைத்திருக்கிறீர்கள். வண்டி நகர்கிறது. பதினைந்து, பதினாறு நிமிடத்தில் கொக்குரா. அங்கே கேட் மூடிக்கொள்கிறது.

ஹகாத்தாவில் ஏறுகிறவர் கதையும் இதுதான். அந்த ஸ்டேஷனின் ஷின்கான்சென் கேட், பாஸ் வைத்திருப்பவரை உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும். குமாமோட்டோ போகும் வண்டியும் அங்கிருந்துதானே புறப்படுகிறது. உள்ளே போனபின் தெற்கே போகும் வண்டிக்குப் பாஸ் உண்டு, கிழக்கே போகும் வண்டிக்கு இல்லை என்று தடுத்துச் சொல்ல எதுவும் இல்லை. தவறு ஹகாத்தாவில், தண்டனை கொக்குராவில்.

தண்டனை என்றது கொஞ்சம் அதிகம்தான். அபராதம் எதுவும் இல்லை. அடிப்படைக் கட்டணமும் அதிவேகக் கட்டணமும் சேர்த்து ஆளுக்கு 2,000 யென்னுக்கு மேல். ஆறு முதல் பதினொரு வயதுக் குழந்தைகளுக்குப் பாதி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் 6,000 யென்னைத் தாண்டும். 'முழு கியூஷு' என்று பெயர் போட்ட பாஸைக் கையில் வைத்துக்கொண்டு, கியூஷுவுக்குள்ளேயே இருக்கும் ஒரு கேட்டில் நின்று எண்ணிக் கொடுக்க வேண்டிய பணம் அது.

"ஏன் கவனிக்காமல் ஏறினார்கள்?" என்று கேட்பீர்கள். கைப்பேசியில் குமாமோட்டோவிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள பெப்புவுக்கு வழி கேட்டுப் பாருங்கள். ஷின்கான்சென்னில் கொக்குரா, அங்கே சாதாரணப் பாதையில் ஓடும் சோனிக் எக்ஸ்பிரஸுக்கு மாறு என்று அது சொல்லக்கூடும். வேகமான வழி அதுதான். பாஸுக்கு ஒத்துவராத வழியும் அதுதான். எந்தத் தண்டவாளம் யாருக்குச் சொந்தம் என்பது கைப்பேசிக்குத் தெரியாது. திருச்சியிலிருந்து வந்தவருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்!

சரியான வழியை நாங்களே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஹகாத்தாவிலேயே இறங்கி, இணைப்பு கேட் வழியாகச் சாதாரணப் பாதை பிளாட்பாரத்துக்குப் போய், அதே சோனிக்கை அங்கேயே பிடிக்க வேண்டும். கொக்குராவுக்கு நாற்பது, ஐம்பது நிமிடம் ஆகும். பெப்பு போகிறவர்கள் கொக்குராவில் இறங்கவே வேண்டாம். வண்டி அங்கே திசை மாறும், எல்லோரும் எழுந்து இருக்கையைச் சுழற்றித் திருப்பிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஹகாத்தா-மினாமி போகும் குட்டிப் பாதையிலும் ஷின்கான்சென் பெட்டிதான் ஓடுகிறது, அதிலும் ஏறக்கூடாது. இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள், கேட்டுக்கொண்டிருப்பவருக்கு ஜப்பான் போகும் ஆசையே பாதி போய்விடுகிறது.

முடியாத காரியத்தைக் கேட்கிறோமா? இல்லை. நீங்கள் இருவரும் சேர்ந்து சான்யோ-சானின்-வட கியூஷு பாஸ் என்று ஒன்றை விற்கிறீர்கள். ஷின்-ஒசாகாவிலிருந்து ஹகாத்தா வரை ஷின்கான்சென், வட கியூஷுவின் வண்டிகள், எல்லாம் அதில் அடக்கம். ஒசாகாவிலிருந்து வருபவருக்குத் திறக்கும் கொக்குரா கேட், நாகசாகியிலிருந்து வருபவருக்கு மட்டும் ஏன் மூட வேண்டும்? பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கணக்கில் இந்த 67.2 கிலோமீட்டரையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

2023 அக்டோபரில் நாடு முழுவதற்குமான ஏழு நாள் பாஸை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏற்றினீர்கள். அதை வாங்க முடியாதவர்கள்தான் வட்டாரப் பாஸ்களுக்கு வருகிறார்கள். வந்தால் பல பாஸ்களில் இப்படி ஒரு பொத்தல். கன்சாய் பாஸில் கியோட்டோவிலிருந்து ஷின்-ஒசாகாவுக்கு ஷின்கான்சென் செல்லாது, அது மூன்றாவது சகோதரரான ஜே.ஆர். மத்திய நிறுவனத்தின் வீடு. கியூஷுவிலேயே யட்சுஷிரோவிலிருந்து செண்டாய் வரையுள்ள கடலோரப் பாதை 2004-ல் ஹிசட்சு ஆரஞ்ச் நிறுவனத்தின் கைக்குப் போனது, அங்கேயும் பாஸ் செல்லாது. யட்சுஷிரோவிலிருந்து யோஷிமட்சு வரையுள்ள மலைப்பாதை 2020 ஜூலை வெள்ளத்திலிருந்து ஓடவில்லை; வெள்ளத்தை நீங்கள் வரவழைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 'முழு' என்ற சொல்லுக்கு ஜப்பானிய அகராதியில் என்னதான் பொருள் என்று ஒருமுறை பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. மன்னிக்கவும். விஷயத்துக்கே வருகிறோம்.

ஹகாத்தா–கொக்குரா ஷின்கான்சென்னைப் பாஸில் சேருங்கள். முன்பதிவு இல்லாத பெட்டிகளில் மட்டும் என்றாலும் போதும். இருவரும் உட்கார்ந்து பேசி முடிக்க நாளாகும் என்றால், அதுவரைக்கும் சின்னதாக இரண்டு காரியம் செய்யுங்கள். பாஸ் அட்டையின் முன்பக்கத்தில், பெயருக்கு நேர் கீழே, பொடி எழுத்தில் அல்லாமல், 'ஹகாத்தா–கொக்குரா ஷின்கான்சென் தவிர' என்று ஆங்கிலத்தில் அச்சடியுங்கள். ககோஷிமாவிலிருந்து வரும் வண்டி ஹகாத்தாவை நெருங்கும்போது, கியூஷு பாஸ் வைத்திருப்பவர்கள் இங்கே இறங்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு கொடுங்கள். எப்படியும் அங்கே கண்டக்டர் இறங்கத்தானே போகிறார். இறங்குமுன் அவரே சொல்லிவிட்டுப் போகட்டும்.

தயவுசெய்து கோடை விடுமுறைக்கு முன் செய்யுங்கள். பள்ளிக்கூடம் மூடியதும் எங்கள் ஆட்கள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
கியூஷுவுக்குப் போகும் தமிழர்களுக்கு வழி சொல்பவர்கள்